ஊர் எல்லை வரை நடந்தோம்

வியாழன் இரவு, வேளச்சேரி

தஞ்சாவூரிலிருந்து வந்து சித்தி வீட்டில் பையை வைத்துவிட்டு, இன்று சாயங்காலமே முதல் நடைக்குப் போய்விட்டேன். சென்னைக்குள் இருக்கும் பழைய ஊர்களை, மாலைக்கு ஓர் ஊராக, நடந்தே சுற்றிக்காட்டும் ஏற்பாடு. கூட்டிப்போகிறவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். சித்தியும் கூட வந்தாள். “இருபது வருஷமா இங்கதான் இருக்கேன். எனக்குத் தெரியாம இந்த வேளச்சேரியில என்னடி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பை மாட்டினாள்.

தண்டீஸ்வரர் கோயில் வாசலில் கூடினோம். சென்னையின் கதையை எல்லோரும் கோட்டையிலிருந்து தொடங்குவார்கள். சார் அங்கிருந்து தொடங்கவில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு துண்டு நிலம். அதன் பிறகு அது பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனது. 1676இல் திருவல்லிக்கேணி, 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை, 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, 1742இல் வேப்பேரி, பெரம்பூர் முதலான ஊர்கள். நுங்கம்பாக்கத்தின் பெயர் ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே வருகிறது. கம்பெனி கையில் கிடைக்கும்போது அந்த ஊருக்கு வயது ஏறக்குறைய எழுநூறாவது இருக்கும். வேளச்சேரி இந்தப் பட்டியலில் எதிலும் இல்லை. வெகு பிந்தித்தான் நகரத்துக்குள் வந்தது.

“எந்த ஊருக்குப் போனாலும் மூணு கேள்வி கேளுங்க” என்றார் சார். “ஊருக்கு நடுவுல என்ன இருக்கு? எல்லையைக் காக்கிற அம்மன் எங்க இருக்கா? மழைத் தண்ணி எந்த வழியா வந்து எந்த வழியா போகுது?”

முதல் கேள்விக்குப் பதில் எங்கள் எதிரிலேயே இருந்தது. மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடையூரில் தன் தண்டத்தை இழந்த யமன், இங்கே வந்து வழிபட்டு அதைத் திரும்பப் பெற்றான் என்பது தலபுராணம். எங்கள் பக்கத்துத் திருக்கடையூர்க் கதையின் மீதிப் பாதி வேளச்சேரியில் இருக்கிறது என்பதே எனக்குப் புதிது. அப்புறம் சார் எங்களைக் கல்வெட்டுப் பக்கம் கூட்டிப்போனார். தேய்ந்த கல், மேலே எண்ணெய்க் கறை. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தார். வெட்டின ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழுந்து, எழுத்துகள் எழுந்து நின்றன. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற தொடக்கத்தை நானே படித்தேன். கல்வெட்டு படிக்க மாலைதான் நல்ல நேரம் என்று அவர் சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. உச்சிவெயிலில் இந்த நிழல் விழாது.

சோழர் காலத்தில் இந்த ஊருக்குத் தினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் ஒரு பெயர் உண்டு. சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் என்றால், ஊரை நடத்தும் சபை இருக்கும்; சபை இருந்தால் அதற்குக் கீழே வாரியங்கள், அதாவது குழுக்கள் இருக்கும். வாரியம் எப்படி வேலை செய்தது என்பதற்கு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து விதிகள், 919இலும் 921இலும் வெட்டியவை, அப்படியே கிடைக்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். குடவோலையில் பெயர் எழுதி, ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பதவி ஒரு வருடம். கணக்குக் காட்டாதவர், அவருடைய நெருங்கிய உறவினர் யாரும் அடுத்த முறை நிற்க முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனி வாரியம் வைத்திருந்த காலம் அது. சார் இதைச் சொல்லும்போது குரலை ஒன்றும் உயர்த்தவில்லை. எனக்குத்தான் அடுத்து நாங்கள் பார்க்கப்போவது என்ன என்று தெரிந்திருந்ததால் நெஞ்சை அடைத்தது.

எல்லை காக்கிறவள் செல்லியம்மன். ஆடிக் கடைசி வாரம் என்பதால் வேப்பிலைத் தோரணமும் சீரியல் செட்டும் தெரு முழுக்க. உள்ளே சப்தமாதர் என்ற ஏழு தாய்த் தெய்வங்கள். இங்கேயும் கல்வெட்டு உண்டு. ஊர்த் தேவதை என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிற கோயில்களில்தான் பல நேரம் ஊரின் மிகப் பழைய கல் இருக்கிறது. பெரிய கோயிலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பார்கள்; இவளை அவ்வளவாகத் தொடமாட்டார்கள். வேளச்சேரியில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால் இங்கே போங்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஏரிக்கரை வரை போனோம். சாலையும் குடியிருப்புகளும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருக்கும் ஏரி. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை. கரையில் நின்று சார் கையை நீட்டிக் காட்டினார். ஆதம்பாக்கம் ஏரித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக வேளச்சேரியைத் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. தென்சென்னையின் எத்தனையோ ஏரிகள் கடைசியில் சேருவதும் அங்கேதான். சதுப்பில் மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்ஹாம் கால்வாய், பிறகு தெற்கே கோவளம், அப்புறம்தான் கடல். வேளச்சேரியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்திலேயே கடல் இருக்கிறது. ஆனால் நடுவே கடலோர மணல்மேடு உயர்ந்து நிற்பதால் தண்ணீர் நேரே போக முடியாது. தெற்கே நெடுந்தூரம் சுற்றித்தான் போயாக வேண்டும். அந்த வழியில் எங்கே இடுக்கினாலும் அது திரும்பி நிற்கும் இடம் இந்த ஊர்தான்.

2015 டிசம்பரில் சித்தி வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கியது. மாடிப்படியிலிருந்து படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2023 டிசம்பரில் மறுபடியும் தண்ணீர் வந்தது. “மழை ஜாஸ்தி, அதான்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள் சித்தி. ஏரியின் பழைய கரை எது வரை இருந்தது என்று சாரிடம் கேட்டாள். அவர் காட்டிய திசையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவை உட்காரவைத்து, வீராங்கல் ஓடையிலிருந்து கோவளம் வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள்.

வெள்ளி இரவு, திருவொற்றியூர்

கிண்டியில் மெட்ரோ ஏறினால் ஒரே வண்டியில் திருவொற்றியூர் தேரடி வரை போய்விடலாம். ஸ்டேஷன் பெயரிலேயே தேர் நிற்கிறது. இறங்கி நடந்தால் சன்னதித் தெரு. ஆடி வெள்ளி என்பதால் வடிவுடையம்மனைப் பார்க்கத் தெரு முழுக்கக் கூட்டம்: சிவப்புப் புடவை, எலுமிச்சை விளக்கு, மல்லிகைப் பந்து விற்கும் அக்காக்கள். பௌர்ணமியும் வெள்ளியும் சேர்ந்து வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், மத்தியானம் இங்கே, மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்ப்பது வடசென்னைப் பெண்களின் வழக்கம். பூ விற்ற அக்கா சொன்னார்: “மூணு பஸ் மாறணும். ஆனா வருஷத்துக்கு ஒரு தரமாவது போய்டுவேன்.”

இன்றைக்கு எழுதவேண்டியது நிறைய இருக்கிறது. நான் பார்த்த சோழர் கோயில்களில் பல எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பவை. அந்தக் கண்ணோடு வந்த எனக்கு இந்தக் கோயில் ஒரு ஆச்சரியம்.

மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். விமானத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கிறது. அதை ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. எத்தனையோ கோயில்களில் கட்டின அரசன் பெயர் தெரியும், தச்சன் பெயர் தெரியாது. இங்கே தெரிகிறது. சார் அந்தப் பெயரை எங்களை உரக்கச் சொல்லச் சொன்னார். சொன்னோம்.

அந்தத் திருப்பணியைச் செய்யச் சொன்னவர் சதுரானன பண்டிதர். அது ஒரு மடத்துத் தலைவருக்கு வழிவழியாக வந்த பெயர். அந்தப் பெயரை முதலில் தாங்கியவரின் கதை, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில் இங்கேயே இருக்கிறது. கேரளத்திலிருந்து சோழநாட்டுக்கு வந்தவர். இளவரசன் ராஜாதித்தனுக்கு உயிர்த் தோழர். 949இல் அந்தக் கிருஷ்ணனோடு நடந்த தக்கோலப் போரில், யானை மேலிருந்த ராஜாதித்தன் இறந்துபோனான். அந்த நேரம் இவர் பக்கத்தில் இல்லை. நண்பனோடு சாக முடியவில்லையே என்ற வேதனையில் கங்கைக்குப் போய் நீராடி, திரும்பி வந்து, இந்த ஊரில் நிரஞ்சன குருவிடம் துறவு வாங்கிக்கொண்டார். ராஜாதித்தன் எங்கள் சோழ இளவரசன். அவன் சாவை யானை மேல் துஞ்சிய தேவர் என்ற பட்டத்தோடு பாடத்தில் படித்திருக்கிறேன். அவனுக்காக ஒருவர் இந்தக் கடற்கரையில் வாழ்நாள் முழுக்க அழுதிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவனை வீழ்த்திய அரசனின் ஆட்சியாண்டைப் போட்டே அந்தத் துக்கத்தை வெட்டிவைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை.

மகிழமரத்தடிக்கு வந்தபோது ஆறரை மணி. சுந்தரர் சங்கிலியாரை மணந்த கதையை ஊர்க்காரர்கள்போல யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாவே சாரை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர், தான் சத்தியம் செய்யும்போது மட்டும் சன்னதியை விட்டு மகிழமரத்துக்கு எழுந்தருளிவிடும்படி சிவனிடம் கேட்டுக்கொள்கிறார். சிவனோ சங்கிலியாரின் கனவில் போய், மகிழமரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார். “மாட்டிக்கினாரு பாரு!” என்று பாட்டி கைதட்டினார். பிறகு வசந்த விழாக் காலத்தில் திருவாரூர் நினைப்பு வந்து சுந்தரர் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

எல்லை என்பது இங்கே அவ்வளவு பெரிய விஷயம். நேற்றுச் செல்லியம்மன் கோயிலில் கேட்ட அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தக் கதையைக் கேட்க ஒரு சோழ மன்னனே இதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பங்குனி உத்திரத் திருவிழாவில், ஆளுடைய நம்பியின், அதாவது சுந்தரரின், புராணத்தை வாசிக்க, இரண்டாம் ராஜாதிராஜன் இருந்து கேட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டு. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது. அந்தக் கல்யாணத்தை ஊரே கூடிப் பார்க்கிறது.

கண்ணிழந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த தலம் திருவெண்பாக்கம். அந்த ஊர் இப்போது எங்கே என்று சார் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பூண்டி நீர்த்தேக்கத்துக்குள்! சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்க 1944இல் கட்டிமுடித்த அணை அது. நீர்ப்பரப்புக்குள் போன கோயிலைப் பிரித்து எடுத்து வந்து பூண்டியில் மறுபடி கட்டினார்கள். தேவாரம் பாடப்பெற்ற ஒரு ஊர் தன் இடத்தைக் கொடுத்ததால்தான் இந்த நகரத்தில் குழாய் திறந்தால் தண்ணீர் வருகிறது. இதைச் சென்னையில் இருக்கும் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விளக்கு ஏற்றும் நேரம் ஆகிவிட்டது. கலிய நாயனார் இந்த ஊர்க்காரர். செக்காட்டுகிறவர். எண்ணெய் வாங்கக் காசில்லாமல் போனபோது தன் கழுத்தையே அரிந்து அகலை நிரப்பத் துணிந்தவர். அதைக் கேட்ட கையோடு சார் விளக்குக் கல்வெட்டுகளின் கணக்கைச் சொன்னார். நந்தாவிளக்கு என்ற அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்பது தொண்டைமண்டலத்தில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. ஆட்டை வாங்கிக்கொள்ளும் இடையர் தினமும் அளந்த நெய்யைக் கொடுக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டி வந்துகொண்டே இருப்பதால் மந்தை குறையாது. ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைத்தார்கள். நாயனாரின் கதையும் இந்த ஆட்டுக் கணக்கும் ஒரே கவலையிலிருந்து பிறந்தவை. விளக்கு அணையக்கூடாது.

கோயிலிலிருந்து கிழக்கே, பட்டினத்தார் சமாதிக்கு நடந்தோம். காவிரிப்பூம்பட்டினத்தில் வணிகராகப் பிறந்து எல்லாம் துறந்தவர். கையில் இருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று நம்பிக்கை, இங்கே இனித்தது. வள்ளலாரும் ஏழுகிணற்று வீட்டிலிருந்து வடிவுடையம்மனைப் பார்க்க நடந்தே வருவாராம். மெட்ரோவில் வந்த தூரத்தில் ஒரு பகுதியையாவது அடுத்த தடவை நடக்க வேண்டும்.

சமாதியைத் தாண்டினால் கடல். மணல் இல்லை, பாறாங்கல் கொட்டின கரை. சாரின் மூன்றாவது கேள்வி இங்கே கடலைப் பற்றியது. வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டியதும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரிந்துகொண்டே போனது. மெரினாவில் சுண்டல் சாப்பிட்டு உட்காரும் மணலுக்கு இந்தக் குப்பங்களின் வீடுகள் விலையாகப் போயிருக்கின்றன. இரண்டும் ஒரே நகரம்தான். இங்கே நின்று பார்த்தால்தான் அது தெரிகிறது.

திரும்பும்போது தேரடியில் ஒரு பெரியவர் டீ வாங்கிக்கொடுத்தார். முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். 1955இல் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிக்க ஆலை வந்தது இந்த ஊருக்கு. எம்.ஆர்.எஃப். தொடங்கியதும் இங்கே ஒரு கொட்டகையில், 1946இல், பொம்மை பலூன் செய்து. “கோயிலைப் பத்தியே பேசிக்கினு இருக்கீங்க. சங்கு ஊதினா ஊரே எழுந்திருக்கும், அதுவும் இந்த ஊர் கதைதானே?” என்றார். நியாயமான கேள்வி. சார் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சனி இரவு, திருவான்மியூர்

இன்று மழை. ஐந்து மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ஆறு மணிக்குள் கொட்டித் தீர்த்தது. மருந்தீஸ்வரர் கோயிலை மட்டும் பார்த்தோம். மூலவர் மேற்கு நோக்கி இருக்கிறார். தலமரம் வன்னி. அகத்தியருக்கு மருந்துகளைப் பற்றிச் சொன்ன இடம் என்பதால் நோயாளிகள் வந்து விபூதி வாங்கிப்போகிறார்கள். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஊர். சம்பந்தர் பாட்டில் இந்த ஊர்க் கரையில் சங்கும் சிப்பியும் கிடக்கின்றன, உப்பங்கழியில் மீன் துள்ளுகிறது. கழி இருந்த பக்கம் பார்க்கலாம் என்று கிளம்பும்போதுதான் மழை பிடித்தது.

மண்டபத்தில் ஒதுங்கி நின்றபடியே சார் வியாழக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தண்ணீரை வேளச்சேரியிலிருந்து நேரே கடலுக்குப் போகவிடாத அந்த மணல்மேட்டின் மேல்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பக்கிங்ஹாம் கால்வாய் மேட்டுக்கு மேற்கே ஓடுகிறது. 1806இல் கோக்ரேன் கால்வாயாக வடக்கே தொடங்கியது. 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும்படி வெட்டி, அப்போதைய கவர்னரின் பெயரை வைத்தார்கள். பஞ்சத்தில் பசித்தவர்கள் வெட்டின கால்வாய். இப்போது அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள்.

மழை விட்டதும் ஒரு விஷயம் கவனித்தேன். கோயில் தெருவில் தண்ணீர் அரைமணி நேரத்தில் வடிந்துவிட்டது. சித்திக்கு போன் செய்தேன். அங்கே முழங்கால் அளவு நிற்கிறதாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவில் இருக்கும் வான்மீகி கோயிலையும் பாம்பன் சுவாமிகள் சமாதியையும் பேருந்திலிருந்து கும்பிட்டுக்கொண்டதோடு சரி.

ஞாயிறு இரவு, ஊரூர் குப்பம்

ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குக் கோடியில், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கின்றன. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றுக்கு வந்தது. அதன் தலைவர் ஆல்காட், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளி தொடங்கினார். ஒரு குப்பத்துக்கு அவர் பெயர் நின்றது. ஊரூர் அதற்கெல்லாம் முந்தின ஊர்.

இங்கே சார் பேசவில்லை. எங்களைக் கூட்டிப்போனவர் ஊரூர்க்காரர், சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டோம். ஆடிக் கடைசி ஞாயிறு. எல்லையம்மனுக்கு மத்தியானம் கூழ் வார்த்திருந்தார்கள். எங்களுக்கும் ஒரு அண்டாவில் எடுத்துவைத்திருந்தார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. கூழை மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்த அம்மா, நான் இரண்டாவது சொம்பு கேட்டதும் சந்தோஷப்பட்டார்.

ஊருக்கு நடுவில் என்ன என்று சார் கேட்டார். அண்ணன் கரையைக் காட்டினார். வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் இடம், மீன் ஏலம் விடும் இடம், பஞ்சாயத்து கூடும் இடம், எல்லாம் அந்த மணல்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைக் காலி இடம் என்று நினைக்கிறார்கள். “வூட்டுக்குள்ள நாங்க தூங்கறது மட்டும்தான். வாழறது இங்க” என்றார் அண்ணன். கோயிலும் மாடவீதியும்தான் ஊர் என்று வளர்ந்த எனக்கு இதைக் கேட்டதும் ஊர் என்ற கணக்கையே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டுமரம் இரண்டோ மூன்றோதான் கண்ணில் பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு பெரும்பாலும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. ஆனால் காற்றின் கணக்கு மாறவில்லை. வடக்கேயிருந்து வந்தால் வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், மேற்கேயிருந்து கச்சான், தெற்கேயிருந்து தென்னல். எந்தக் காற்றில் எந்த வலை, எந்தப் பக்கம் போகலாம், எப்போது போகவே கூடாது என்று அண்ணன் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். எங்களோடு வந்த ஒரு கல்லூரிப் பையன், போனில் வானிலை பார்த்து, காற்று தெற்கு என்றான். “அதான் தென்னல். மூஞ்சில படுது பாரு” என்று அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

முகத்துவாரம் வரை நடந்தோம். உடைந்த பாலத்தின் மிச்சம் ஆற்றின் குறுக்கே பாதியில் நிற்கிறது. 1967இல் கட்டியது, பத்தே வருடத்தில், 1977இல், வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கோடையில் ஆற்று வாய் மணலால் அடைத்துக்கொள்ளும். மழைக்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். வழியில் சேர்ந்த தண்ணீரையும் கூட்டிக்கொண்டு அத்தனையும் வெளியேற வேண்டியது இந்த வாய் வழியாகத்தான். சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கிக்கிடந்தபோது சென்னையின் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மீனவர்கள் ஜனங்களை மீட்டார்கள். சித்தியை மாடிப்படியிலிருந்து ஏற்றிக்கொண்டதும் அப்படி வந்த ஒரு படகுதான். நான் இதைச் சொன்னதும் அண்ணன், “வேளச்சேரியில எந்தத் தெரு?” என்று கேட்டார். அவர் போன தெரு வேறு. அதனால் என்ன, கையெடுத்துக் கும்பிட்டேன்.

பெசன்ட் நகர் பக்கம் திரும்பும் வழியில் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. நல்ல மனிதர், நினைக்கவேண்டியவர். அதே கடற்கரையில் 2015 படகுக்காரர்களுக்கும் ஒரு கல் வைக்க வேண்டும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, ஆசையாகச் சொல்கிறேன். பெயர்களை வெட்டி வைத்தால் வீரசோழத் தச்சன் பெயரைச் சொன்னதுபோல யாராவது ஒருநாள் உரக்கப் படிப்பார்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். கடலுக்குள் போனபின், கரை கோடாகத் தெரியும்போது, தன் ஊர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அண்ணன் மணலில் உட்கார்ந்து விரலால் கோடு போட்டார். மீன் கிடைக்கும் பார், அதாவது பாறைத் திட்டு, கடலுக்கு அடியில் இருக்கும்; மேலே ஒரு அடையாளமும் இருக்காது. கரையில் இருப்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். சாந்தோம் கோபுரமும் கலங்கரை விளக்கமும் இந்த அளவு விலகித் தெரிய வேண்டும், அதே நேரம் பரங்கிமலை இன்ன கட்டடத்துக்கு நேரே வர வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் வலை போடலாம். புது மாடிக் கட்டடங்கள் எழும்ப எழும்பச் சில அடையாளங்கள் மறைந்துபோய்விட்டன. அப்பாவிடம் கற்ற சில இடங்களை அவர் இப்போது ஜி.பி.எஸ்.ஸில் குறித்துவைத்திருக்கிறார். சில இடங்கள் தவறிப்போய்விட்டன.

சார் அவரிடம் அந்த அடையாளங்களையெல்லாம் ஒருநாள் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். புதன்கிழமை கடலுக்குப் போகாத நாள், அன்று வரச்சொன்னார். எனக்குத் தஞ்சாவூர் பஸ் நாளை இரவுதான். காலை நாலு மணிக்குக் கரைக்கு வந்தால் படகில் கொஞ்ச தூரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அலாரம் வைத்துவிட்டேன். பரங்கிமலை எந்தக் கட்டடத்துக்கு நேரே வருகிறது என்று பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.